இருபத்து மூன்று ப்ளவுஸுக்குப் பிறகு: சிறுதொழில் பயிற்சிக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

தையல் தெரியும், கூலி எவ்வளவு வைப்பது என்று தெரியாது. மசாலாப் பொடி அரைத்தால் தெருவே மணக்கும், ஆனால் கிலோவுக்கு எவ்வளவு நின்றது என்று கேட்டால் பதில் வராது. வண்டி ரிப்பேரில் கை பழகிவிட்டது, கடன் நோட்டு எழுதுவதில் பழகவில்லை. இப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கைவேலையை அக்காவிடமோ மாமாவிடமோ கற்றுக்கொண்டுவிடலாம். கடையை நடத்துவது எப்படி என்று நம்மை உட்கார வைத்துச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.

அதைச் சொல்லித்தரும் படிப்பு ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே இலவசமாக நடக்கிறது. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்பது முழுப்பெயர். வங்கியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் ஆர்செட்டி என்றால்தான் சட்டென்று புரியும். நான் அங்கே தையல் பிரிவில் படித்தேன். பிறகு தங்கை, பக்கத்து வீட்டுப் பெண்கள், குழுவில் இருப்பவர்கள் என்று பலரை அனுப்பியிருக்கிறேன். போனவர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைத்துவிடவில்லை. தன் ஊர்க் கணக்கை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனவர்கள் அதிகம் கற்றுக்கொண்டு வந்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த நோட்டைப் பற்றித்தான்.

ஆர்செட்டி என்பது எது

1982-ல் கர்நாடகத்தில் தர்மஸ்தலத்துக்குப் பக்கத்தில் உள்ள உஜிரே என்ற ஊரில் இது தொடங்கியது. தர்மஸ்தலத்தின் வீரேந்திர ஹெக்டே தலைமையிலான அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து ருட்செட்டி என்ற பெயரில் நடத்தின. வேலை கிடைக்காத கிராமத்து இளைஞர்களைத் தங்கவைத்து, ஒரு தொழிலையும் அதை நடத்தும் முறையையும் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்து, பிறகு இரண்டு ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து உதவுவது அதன் முறை. அது நன்றாக நடந்ததால் 2009 முதல் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் மாவட்டத்துக்கு ஒன்று என்று நாடு முழுவதும் விரிவாக்கியது. நிலையத்தை ஒரு வங்கி நடத்தும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்தியன் வங்கி, ஐஓபி, கனரா வங்கி ஆகியவற்றின் பெயர்ப் பலகையைப் பார்க்கலாம்.

பாடங்கள் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்புக்கு (தொழில் பயிற்சிகளுக்கு நாடு முழுவதற்கும் வகுத்த தர அளவு) ஏற்ப அமைந்தவை. கடைசியில் மதிப்பீடும் உண்டு, சான்றிதழும் உண்டு. மாட்டுப் பண்ணை, ஆடு, கோழி, அப்பளம்-ஊறுகாய்-மசாலாப் பொடி போன்றவை 10 நாள் அளவில் முடியும். தையல், அழகுக்கலை, இருசக்கர வாகனம் பழுதுபார்த்தல், செல்போன் பழுதுபார்த்தல், வீட்டு வயரிங் போன்றவை சுமார் 30 நாள். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அதற்குள்ளேயே தொழில்முனைவுப் பாடம் இருக்கும். விலை வைப்பது, சந்தையைப் பார்ப்பது, கணக்கு எழுதுவது, வங்கியில் பேசுவது எல்லாம் அதில் வரும். பலர் இதைக் கைவேலை வகுப்புக்கு நடுவே வரும் இடைவேளை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர் இந்தப் பாடத்துக்காகவே சேரலாம்.

பட்டமோ டிப்ளமோவோ முடித்து, நகரத்தில் பெரிய முதலீட்டில் தொழில் தொடங்க நினைப்பவருக்கு வழி வேறு. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தையோ மாவட்டத் தொழில் மையத்தையோ முதலில் பாருங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு வாரம்

குறைந்தது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை உண்டு. மகளிர் குழுவில் இருக்கிறீர்கள் என்றாலோ நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது என்றாலோ அதையும் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவற்றை இரண்டிரண்டு நகல் எடுத்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு நேரில் போங்கள். போனில் கேட்டால் "பேட்ச் தொடங்கும்போது சொல்றோம்மா" என்ற பதில்தான் வரும். நேரில் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் கூப்பிடுவார்கள். ஒரு பேட்ச் என்பது முப்பது, முப்பத்தைந்து பேர்.

சேர்வதற்குக் கட்டணமே கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கிடையாது. "இடம் வாங்கித் தருகிறேன், ஐந்நூறு கொடு" என்று யாராவது சொன்னால், அந்த ஆளின் வழியாகப் போகாதீர்கள்.

எந்தப் பிரிவில் சேர்வது என்ற கேள்விக்கு என் பதில், உங்கள் தெருவில் ஏற்கெனவே காசு எதற்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். ஊரில் நாலு தையல் கடை இருந்தும் எல்லாவற்றிலும் துணி குவிந்து கிடந்தால் ஐந்தாவதுக்கு இடம் இருக்கிறது. அழகு நிலையமே இல்லாத ஊர் என்றால், இதுவரை யாரும் வைக்காததாலா, வைத்தும் ஓடாததாலா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். தோழி சேர்கிறாள் என்பதற்காக ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டு, பாதியில் மனசு விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அந்த 30 நாள் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்காது.

இப்போதே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள். உங்கள் தொழிலுக்கு வேண்டிய பொருள்கள் உங்கள் ஊர்க் கடையில் என்ன விலை, மொத்தக் கடையில் என்ன விலை. அதே வேலைக்கு ஊரில் மூன்று இடங்களில் என்ன கூலி அல்லது விலை வாங்குகிறார்கள். உங்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு எவ்வளவு. மூன்றாவதை எழுதத்தான் எல்லாருக்கும் கூச்சம். ஆனால் கடையிலிருந்து மாதம் எவ்வளவு எடுத்தால் வீடு ஓடும் என்று தெரியாதவர் கல்லாவில் கை வைத்துக்கொண்டே இருப்பார்.

முதல் சில நாள்: விளையாட்டுகள்

முதல் நாளே மெஷின் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். வட்டமாக உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். வளையம் எறியச் சொல்வார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டுக் கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள். காகிதத்தில் படகு செய்து விற்கச் சொல்வார்கள். "சின்னப் பிள்ளை விளையாட்டா இருக்கே" என்று எங்கள் பேட்சிலும் முணுமுணுத்தார்கள்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. வளையம் எறிவதில் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். சிலர் கம்புக்கு ஒட்டி நின்று எல்லா வளையத்தையும் போட்டுவிடுவார்கள். சிலர் கைதட்டலுக்காக எங்கோ தள்ளி நின்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். முயன்றால் பாதிக்கு மேல் விழும் என்ற தூரத்தில் நின்று, விழவில்லையென்றால் அரை அடி முன்னால் வருபவரைப் பயிற்றுநர் கவனித்துக்கொண்டிருப்பார். டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் சாதனை ஊக்கம் பற்றிச் செய்த ஆய்விலிருந்து இந்த விளையாட்டு வந்தது. 1960-களில் அவர் ஐதராபாத்தில் உள்ள ஒரு சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து காக்கிநாடா வியாபாரிகளுக்கு இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்துப் பார்த்தார். நம் நாட்டில் தொழில்முனைவுப் பயிற்சி இன்று நடக்கும் முறைக்கு அந்த முயற்சி பெரிய காரணம்.

படகு விளையாட்டில் காகிதத்தை விலைக்கு வாங்கி, எத்தனை படகு செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி, குறித்த நேரத்தில் செய்து கொடுக்க வேண்டும். மடிப்பு சரியில்லாத படகைப் பயிற்றுநர் தள்ளிவிடுவார். நான் இருபது என்று வாய்விட்டேன். முடித்தது பதினொன்று, அதில் மூன்றைத் தள்ளிவிட்டார். காகிதத்துக்குப் போட்ட விளையாட்டுக் காசு நட்டம். கடை வைத்த பிறகு தீபாவளிக்கு முந்தின வாரத்தில் துணி வாங்கிப் போடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினொன்றுதான் நினைவுக்கு வரும். விளையாட்டு முடிந்ததும் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.

வீட்டுக்குப் போய்வரும் வசதி இருந்தாலும், முடிந்தவர்கள் தங்கிப் படியுங்கள். சாயங்காலம் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்களோடு பேசும்போது கிடைக்கும் தகவல் வகுப்பில் கிடைக்காது. எந்த ஊரில் என்ன கூலி, எந்தக் கடையில் லைனிங் துணி மலிவு, எந்த வங்கிக் கிளையில் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள் எல்லாம் அங்கேதான் தெரியவந்தது.

கணக்கு வகுப்பு: இங்கே தூங்கிவிடாதீர்கள்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு இது, கண் சொக்கும். ஆனாலும் மொத்தப் படிப்பில் ஒரே ஒரு நாள்தான் கவனிக்க முடியும் என்றால் இந்த நாளைத்தான் கவனிக்கச் சொல்வேன்.

ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை, நீங்கள் உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். லைனிங் ப்ளவுஸ் ஒன்றுக்கு 250 ரூபாய் வாங்குகிறீர்கள். லைனிங் துணி 50, நூல், ஹூக், பைப்பிங் சேர்த்து 15. மொத்தம் 65. தைக்கத் தைக்க ஏறும் செலவு இது, ஒன்றும் தைக்காத நாளில் இந்தச் செலவு இல்லை. 250-ல் இதைக் கழித்தால் 185 நிற்கிறது.

பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மாதம் 60 ப்ளவுஸ், 185 வீதம் 11,100 ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டு, மாதக் கடைசியில் அந்தப் பணம் எங்கே போனது என்று தேடுகிறார்கள்.

தைத்தாலும் தைக்காவிட்டாலும் வந்து நிற்கும் செலவுகள் இருக்கின்றன. கடை வாடகை 2,000. கரண்ட் 350. மெஷின் சர்வீஸ், எண்ணெய், ஊசி 210. மெஷினுக்கு 50,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தால், 11 சதவீத வட்டியில் 36 மாதத்துக்குத் தவணை சுமார் 1,640. எல்லாம் சேர்த்து 4,200. (கணக்காளர் தவணையை இப்படிச் சேர்க்க மாட்டார், தேய்மானம் தனி, வட்டி தனி என்பார். அது சரிதான். ஆனாலும் தொடங்குகிறவருக்கு மாதா மாதம் கையைவிட்டுப் போகும் பணம் கண்ணில் படுவதுதான் முக்கியம்.)

இப்போது 4,200-ஐ 185-ஆல் வகுத்துப் பாருங்கள். 22.7 வரும். அப்படியென்றால் மாதத்தின் முதல் இருபத்து மூன்று ப்ளவுஸையும் நீங்கள் கடைச் சொந்தக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் வங்கிக்கும் தைத்துக்கொடுக்கிறீர்கள். இருபத்து நான்காவதிலிருந்துதான் உங்களுக்காகத் தைக்கிறீர்கள். வகுப்பில் இதைச் சமநிலைப் புள்ளி என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அந்தச் சொல்லை மறந்தாலும் இருபத்து மூன்றை மறக்கவில்லை. உங்கள் தொழிலுக்கு அந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் நிலையத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

60 தைத்தால் 11,100-ல் 4,200 போக 6,900. ஒரு ப்ளவுஸுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் 150 மணி நேர உழைப்பு. மணிக்கு 46 ரூபாய். இந்தத் தொகையைப் பார்த்து எனக்கு முதலில் அழுகை வந்தது. அதுவரை என் நேரத்துக்கு நான் விலையே போட்டதில்லை. பெண்கள் நடத்தும் தொழில்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதாகச் சொல்லிச் சொல்லியே அந்த நேரம் இலவசமாகப் போய்விடுகிறது. உங்கள் கூலியைச் செலவாக எழுதுங்கள்.

பக்கத்துக் கடையைவிட 20 ரூபாய் குறைத்தால் கூட்டம் வரும் என்பது அடுத்த ஆசை. குறைத்தால் ஒன்றுக்கு நிற்பது 165. பழைய 6,900-ஐ எடுக்க 68 தைக்க வேண்டும், அதாவது எட்டு ப்ளவுஸ், 20 மணி நேரம் கூடுதல். அதற்குப் பதில் 20 கூட்டினால் அதே 60-க்கு 8,100. விலையைக் கூட்டச் சொல்லவில்லை, முடிவெடுக்கும் முன் இந்த இரண்டு வரியை நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, வருடத்தின் எல்லா மாதமும் ஒன்றாக இராது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களிலும் தீபாவளிக்கு முன்பும் 90 தைக்க நேரலாம், அப்போது கையில் நிற்பது 12,450. ஆடியில் கல்யாணம் கிடையாது, 25 ப்ளவுஸ் வந்தால் 425 ரூபாய் மிஞ்சும். தவணையோ ஆடி என்று நிற்காது. தையில் வந்ததில் ஒரு பங்கை ஆடிக்கென்று தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். இந்தப் பன்னிரண்டு மாதத்தையும் வகுப்பிலேயே ஒரு பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி, பயிற்றுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

சந்தை ஆய்வு நாள்

ஒரு நாள் உங்களை வெளியே அனுப்பி, கடைகளையும் வாடிக்கையாளர்களையும் பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள். ஜூஸ் குடித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. உங்களுக்கு அப்படி வேண்டாம்.

"நான் கடை வைத்தால் வருவீங்களா" என்று கேட்டால் எல்லாரும் வருவேன் என்றுதான் சொல்வார்கள், நம் மக்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கடைசியாக எப்போது தைத்தீர்கள், எங்கே, எவ்வளவு கொடுத்தீர்கள், சொன்ன தேதிக்குக் கிடைத்ததா, எதற்காகச் சண்டை போட்டீர்கள் என்று நடந்ததைக் கேளுங்கள். நான் கேட்டவர்களில் விலை அதிகம் என்று குறைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி வரை கடைக்கு நடந்தேன் என்று சொன்னவர்கள்தான் அதிகம். அன்றைக்கே நோட்டில் எழுதினேன்: தேதி தவறினால் கூலியில் பாதி கொடுத்தால் போதும். கடை வைத்தபோது அதைப் பலகையில் எழுதி மாட்டினேன். என் கடைக்குக் கூட்டம் வந்தது அதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

திட்ட அறிக்கையை நீங்களே எழுதுங்கள்

பயிற்சியின் பின்பகுதியில் திட்ட அறிக்கை எழுதச் சொல்லித்தருவார்கள். மெஷின்களுக்கு எவ்வளவு, முதல் சில மாதம் துணியும் நூலும் வாங்கிப்போட நடைமுறை மூலதனம் எவ்வளவு, உங்கள் சொந்தப் பங்கு எவ்வளவு, மாத வரவு-செலவு எப்படி, கடனை எப்படி அடைப்பீர்கள் என்பதுதான் அதன் உள்ளடக்கம். மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒரு சாயங்கால வேலை.

நான் இதில் தவறினேன். வகுப்பில் அரைகுறையாக எழுதிவிட்டு, ஊருக்கு வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து அழகாக அச்சடித்து வாங்கினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். வங்கியில் மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓவர்லாக் மெஷின் ரெண்டு எதுக்கும்மா?" என்று கேட்டார். அப்படி ஒன்று அறிக்கையில் இருப்பதே எனக்குத் தெரியாது. வேறு யாருக்கோ போட்டதை எனக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மேலாளர் கோபப்படவில்லை, "நீங்களே எழுதிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் போய்விட்டது. உங்கள் கையெழுத்தில் அடித்தல் திருத்தலோடு இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு வரிக்கும் வாயால் பதில் சொல்ல முடிய வேண்டும். மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கும்போது இரண்டு கடையில் வாங்குங்கள், உங்கள் பெயரும் முகவரியும் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும்.

மதிப்பீடு

கடைசியில் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். செய்முறையும் கேள்விகளும் இருக்கும். ஒழுங்காக வகுப்புக்கு வந்தவர்கள் பயப்பட வேண்டியதில்லை. வருகைப் பதிவு முக்கியம், வீட்டில் விசேஷம் என்று நாலு நாள் போய்விட்டு வந்து சான்றிதழ் கேட்காதீர்கள். சான்றிதழில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், இனிஷியல் மாறினால்கூட வங்கியில் அலைச்சல்.

பதிவுகள்

சிறு தொழில் நடத்துகிறவர் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு முதலில். 2020 ஜூலை 1 முதல் இந்த முறை நடக்கிறது. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம், கட்டணமே கிடையாது. தேடும்போது அரசுத் தளம் மாதிரியே தோன்றும் தனியார் தளங்கள் மேலே வந்து பணம் கேட்கும். பணம் கேட்டாலே தவறான இடம் என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சாப்பிடும் பொருள் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எடுக்காமல் ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. சிறு அளவில் செய்பவருக்கு எளிய பதிவே போதும், ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பாக்கெட் போட்டு விற்றால் எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, உங்கள் பெயர் முகவரி, புகார் சொல்லத் தொடர்பு எண் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். தராசு வாங்கினால் முத்திரை வைத்ததை வாங்கி, காலம் முடிந்ததும் திரும்ப முத்திரை வைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு அபராதம் கட்டுகிறார்கள்.

ஜிஎஸ்டி பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும் சேவை செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டும்போதுதான் பொதுவாக அந்தக் கட்டாயம் வரும். வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பவோ ஆன்லைனில் விற்கவோ போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

வங்கிக்குப் போகும் நாள்

நிலையத்திலிருந்தே உங்கள் விண்ணப்பத்தை வங்கிக்கு அனுப்புவார்கள். ஆனால் அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் வேலை நடக்காது. சொந்தமாகச் சிறிய அளவில் தொடங்க முத்ரா கடன் பொருத்தம். சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை. சிறு தொழிலுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

மானியத்தோடு கடன் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் அந்த ஆண்டு எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மாநில அரசின் வேலையற்ற இளைஞர் திட்டத்தில் 25 சதவீத மானியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை. அந்த மானியம் கையில் ரொக்கமாக வராது. மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாக வங்கியிலேயே இருக்கும், தொழிலை ஒழுங்காக நடத்தினால்தான் கடனில் கழியும். மானியத்தை நம்பி மெஷின் விலையைக் கூட்டிப் போடச் சொல்லும் ஆட்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். கூட்டிப் போட்ட தொகைக்கும் சேர்த்து வட்டி கட்டுவது நீங்கள்தான்.

போகும் முன் உங்கள் கடன் தகவல் அறிக்கையை (சிபில் என்று சொல்வார்களே, அது) பாருங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். குழுக் கடனிலோ நகைக் கடனிலோ பழைய பாக்கி இருந்தால் அதில் தெரியும். விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதைச் சொல்ல வங்கி கடமைப்பட்டது. அந்தத் தாளோடு பயிற்சி நிலைய இயக்குநரையோ மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையோ பார்த்தால், அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும். கந்துவட்டிக்கு வாங்கித் தொடங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படித் தொடங்கிய இரண்டு கடைகள் எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பூட்டிக் கிடக்கின்றன.

தவணைத் தேதியை மாதத்தின் 10-ஆம் தேதி போல வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பளக்காரர்கள் முதல் வாரத்தில்தான் கூலி பாக்கியைத் தீர்ப்பார்கள்.

அடுத்த இரண்டு வருடம்

பயிற்சி முடிந்ததும் நிலையம் உங்களை விட்டுவிடாது. இரண்டு வருடம் போனில் கேட்பார்கள், நேரிலும் வருவார்கள், கடையோடு சேர்த்துப் போட்டோ எடுப்பார்கள். "நல்லாப் போகுது சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது நம் பழக்கம். அவர்கள் வரும்போது நோட்டை எடுத்து வையுங்கள். தினமும் வரவு, செலவு, கடன் சொன்னவர் பெயர், வீட்டுக்கு எடுத்த பணம் ஆகிய நாலையும் ராத்திரி கடை அடைக்கும் முன் எழுதியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலைதான்.

என் முதல் ஆடியில் 19 ப்ளவுஸ்தான் வந்தது. இருபத்து மூன்றைத் தொடவில்லை. பயிற்றுநர் வந்தபோது மறைக்காமல் நோட்டைக் கொடுத்தேன். அவர் பக்கங்களைத் திருப்பிவிட்டு, பழைய துணியைச் சரிசெய்ய எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். நான் அதையெல்லாம் எழுதவேயில்லை, அக்கம்பக்கம் என்று சும்மா செய்து கொடுத்திருந்தேன். சேலை ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது, பள்ளிச் சீருடையைப் பிரித்துப் பெரிதாக்குவது ஆகியவற்றுக்கு ஒரு விலைப் பட்டியல் எழுதி மாட்டச் சொன்னார். அன்று சாயங்காலமே எழுதி மாட்டினேன். ஆடி கடைசிக்குள் சீருடை வேலை மட்டும் 31 வந்தது.